வளையம் குறுகினால் மழை குறைந்ததா?

காடுகளைப் பற்றி இரண்டு விதமான செய்திகள் மாறி மாறி வருகின்றன. காற்றில் கரியமில வாயு கூடியதால் மரங்கள் முன்னைவிட வேகமாகப் பருக்கின்றன என்பது ஒன்று. வெப்பமும் வறட்சியும் மிஞ்சியதால் மரங்கள் வளர்ச்சி குன்றிப் போயின என்பது மற்றொன்று. வேடிக்கை என்னவென்றால், இரண்டு தரப்பும் ஆதாரமாகக் காட்டுவது மரத்தின் ஆண்டு வளையங்களைத்தான். எந்த மரத்தில், எப்படிப் பொறுக்கி எடுத்த மாதிரியில், என்ன கேள்விக்கு விடை தேடினார்கள் என்று பார்க்காமல் முடிவை மட்டும் எடுத்துக்கொண்டால் இந்தக் குழப்பம் தீராது. அதை நிதானமாகப் பிரித்துப் பார்ப்போம்.

பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மிக மெல்லிய ஓர் உயிரணுப் படலம் இருக்கிறது. கேம்பியம் என்று பெயர். மரம் பருப்பது அங்கேதான். உள்பக்கம் கட்டையையும் வெளிப்பக்கம் பட்டையையும் அது உண்டாக்கிக்கொண்டே போகிறது. வளரும் பருவத்தின் தொடக்கத்தில் உருவாகும் கட்டை தளர்வாகவும் வெளிறியும் இருக்கும். பருவம் முடிகையில் உருவாவது இறுக்கமாகவும் கருத்தும் இருக்கும். பிறகு ஓய்வு. ஓய்வு முடிந்து மறுபடி வளர்ச்சி தொடங்கும் இடத்தில் ஒரு கோடு விழுகிறது. ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் இடைப்பட்ட அகலமே அந்த ஆண்டின் வளர்ச்சி.

குளிர்நாட்டு மரங்களுக்கு ஓய்வு தருவது பனிக்காலம். நம் பக்கத்து இலையுதிர்காட்டு மரங்களுக்கு அதைத் தருவது கோடை. தேக்கு இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வறண்ட மாதங்களில் இலையை முழுக்க உதிர்த்துவிட்டு நிற்கும். மழை தொட்டதும் தளிர்த்து, அகன்ற நீர்க்குழாய்களை வரிசையாகக் கட்டும். இழைத்த தேக்குப் பலகையில் வெறுங்கண்ணுக்கே தெரியும் ஊசித்துளை வரிசை அந்தக் குழாய்களே. வெப்பமண்டல மரங்களுக்கு வளையமே கிடையாது என்று வெகுகாலம் நம்பியிருந்தார்கள். ஆண்டு முழுதும் ஈரமாக இருக்கும் மழைக்காட்டில் பல மரங்களுக்கு அது உண்மை. வறண்ட பருவமோ வெள்ளப் பருவமோ தவறாமல் வரும் இடங்களில் உண்மையில்லை. தென்னையிலும் பனையிலும் தேடுவது மட்டும் வீண்வேலை. அவற்றுக்குக் கேம்பியமே இல்லை. தென்னையின் மேல் படிப்படியாகத் தெரிகிற வளையங்கள் மட்டை உதிர்ந்த தழும்புகள். ஓர் ஆண்டிலேயே பத்துப் பன்னிரண்டு விழும். நம் மாநில மரமான பனைக்கு இந்த அறிவியலில் இடமில்லாமல் போனதில் எனக்குச் சற்று வருத்தம்தான்.

வளையம் என்றால் எண்ணுவது என்று பலரும் நினைக்கிறார்கள். எண்ணினால் தவறும். கடும் வறட்சியில் மரம் அடித்தண்டில் கட்டை கட்டாமலேயே ஓர் ஆண்டைக் கடத்திவிடும். ஒரு வளையம் விடுபட்டுப்போகும். மழை தொடங்கி, நடுவில் வாரக்கணக்கில் நின்று, மறுபடி பிடித்தால் ஒரே ஆண்டில் இரண்டு கோடு விழுந்துவிடும். அது பொய் வளையம். தேக்கில் இந்தத் தொல்லை நிறைய உண்டு. நூறு வளையத்தை எண்ணி நூறு வயது என்று சொன்னால் அது உத்தேசக் கணக்கு, அவ்வளவே.

உத்தேசத்தைத் துல்லியமாக்கியவர் ஒரு வானியலாளர். ஏ. ஈ. டக்ளஸ், அமெரிக்காவின் அரிசோனாவில் சூரியனின் கரும்புள்ளிகளை ஆராய்ந்துகொண்டிருந்தவர். புள்ளிகள் ஏறக்குறைய 11 ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறைகின்றன. அது மழையைப் பாதித்தால் மரத்தில் தடம் இருக்குமே என்று பைன் மரங்களைப் பார்க்கத் தொடங்கினார். சூரியனைப் பற்றிய அவருடைய ஆசை கைகூடவில்லை. அதைவிடப் பெரிய ஒன்று கிடைத்தது. ஒரே வட்டாரத்து மரங்களில் அகலமும் குறுகலும் ஒரே வரிசையில் வருகின்றன. மெலிந்த ஆண்டுகள் எல்லா மரத்திலும் மெலிந்தே இருக்கின்றன. அந்த வரிசையை மரத்துக்கு மரம் பொருத்திப் பார்த்தால் எதில் வளையம் விடுபட்டது, எதில் பொய் வளையம் புகுந்தது என்பது வெளிச்சத்துக்கு வந்துவிடும். இன்றும் இந்தத் துறையின் அடித்தளம் இந்தப் பொருத்தம்தான். 1929இல் அரிசோனாவின் ஷோ லோ என்ற ஊரில், பழங்குடிகளின் இடிந்த குடியிருப்பிலிருந்து பாதி கருகிய ஓர் உத்தரம் எடுத்தார்கள். அன்றுவரை டக்ளஸ் கையில் இரண்டு வரிசைகள் தனித்தனியே இருந்தன. ஒன்று உயிருள்ள மரங்களில் தொடங்கிப் பின்னோக்கிச் செல்வது. இன்னொன்று பழைய கட்டடங்களின் மரங்களிலிருந்து கிடைத்த, ஆண்டு தெரியாத வரிசை. கருகிய கட்டை இரண்டுக்கும் நடுவே சரியாகப் பொருந்தியது. அந்த வட்டாரத்தின் பழைய குடியிருப்புகள் எந்த ஆண்டில் கட்டப்பட்டன என்பது ஒரே நாளில் தெரிந்துபோயிற்று. 1937இல் டக்ளஸ் டூசானிலுள்ள பல்கலைக்கழகத்தில் மரவளைய ஆய்வுக்கென்றே ஒரு கூடம் தொடங்கினார்.

இதற்கு மரத்தை வெட்ட வேண்டியதில்லை. உள்ளீடற்ற திருகு ஊசியைக் கையாலேயே திருகி நடுத்தண்டு வரை செலுத்தி, ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் தடிமனில் குச்சி போன்ற மாதிரியை உருவி எடுக்கலாம். அதை வழவழப்பாகத் தேய்த்து நுண்ணோக்கியின் கீழ் வைத்தால் போதும்.

ஆண்டு உறுதியாகிவிட்டது. அகலத்துக்கு என்ன பொருள்? இங்கேதான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. குறுகலான வளையம் என்றால் அந்த ஆண்டு வறட்சி என்று சட்டென்று சொல்லிவிடுகிறோம். மரத்துக்கு வேண்டியவை பல: நீர், ஒளி, வெப்பம், மண்ணின் சத்து, உணவைத் தயாரிக்க இலை. எது மிகவும் பற்றாக்குறையோ அதுவே அந்த ஆண்டின் வளர்ச்சியைத் தீர்மானிக்கிறது. வறண்ட மலைச்சரிவில் அது மழை. மலையுச்சியில், மரங்கள் நின்றுபோகும் எல்லையில், பொதுவாக வெப்பம். ஒரே இனத்து மரம், ஒரே மலை. அடிவாரத்து மரத்தின் குறுகிய வளையம் மழை பொய்த்ததைச் சொல்லும். உச்சி மரத்தின் குறுகிய வளையம் கோடையில் வெயில் போதாததைச் சொல்லும்.

அந்தப் பொதுவிதியும் எல்லா இடத்திலும் செல்லாது. நேபாள இமயமலையின் மர எல்லையில் பூர்ஜ மரம் வளர்கிறது. முன்னாளில் ஏடுகளுக்குப் பட்டை தந்த அதே மரம். அவ்வளவு உயரத்தில் குளிர்தானே தடையாக இருக்க வேண்டும்? வளையங்களை ஆராய்ந்தபோது விடை வேறாக இருந்தது. பருவமழைக்கு முந்தைய மாதங்களில் ஈரம் போதாத ஆண்டுகளிலேயே அது மெலிந்திருந்தது. ஊகித்துக்கொண்டு போனவர்கள் அங்கே தவறான முடிவோடு திரும்பியிருப்பார்கள்.

வானிலையே சம்பந்தப்படாத மெலிவும் உண்டு. ஆல்ப்ஸ் மலையின் லார்ச் மரங்களில் எட்டொன்பது ஆண்டுக்கு ஒருமுறை ஓர் அந்துப்பூச்சியின் புழுக்கள் பெருகி ஊசியிலைகளைத் தின்று தீர்த்துவிடும். இலை போன ஆண்டில் வளையத்தின் கடைசிப் பகுதி இறுகாமல் சோகையாகவே இருக்கும். இந்தத் தடத்தை வைத்து 1,200 ஆண்டுகளாக இந்தப் பெருக்கம் ஏறக்குறைய தவறாமல் நடந்ததைக் கண்டறிந்தார்கள். 1980களுக்குப் பிறகு அது நெடுங்காலம் நின்றுபோனதையும் சேர்த்தே கண்டார்கள். ஆய்வாளர்கள் அதை வெப்ப உயர்வோடு தொடர்புபடுத்தினார்கள். பக்கத்து மரம் விழுந்து வெயில் கிடைத்தால் வளையம் அகலும். பக்கத்து மரங்கள் நெருக்கினால் குறுகும். இவை தவிர வயதும் இருக்கிறது. இளமரத்தின் சுற்றளவு சிறியது, முதிர்ந்த மரத்தின் சுற்றளவு பெரியது. ஒரே அளவு கட்டையைப் பெரிய சுற்றில் பரப்பினால் வளையம் மெல்லிதாகத்தானே வரும்? ஆகவே வயதால் வந்த மெலிவைக் கணக்கிட்டுக் கழித்த பிறகே சூழலைப் பற்றிப் பேச முடியும். எவ்வளவு கழிப்பது என்பதிலேயே நிபுணர்களிடையே சச்சரவு உண்டு. கூடுதலாகக் கழித்தால் நூற்றாண்டு நெடுகிலும் நடந்த மெதுவான மாற்றமும் அதோடு சேர்ந்து காணாமல் போய்விடும்.

இவ்வளவையும் கழித்த பிறகும் மரங்கள் சொல்வது ஏராளம். நம் ஊருக்கு நெருக்கமான ஒன்று: புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலையியல் நிறுவன ஆய்வாளர்கள் கேரளத் தேக்கு மரங்களைக் கொண்டு 1481 முதல் 2003 வரை 523 ஆண்டு நீள வரிசையைக் கட்டி 2010இல் வெளியிட்டார்கள். பசிபிக் கடல் சூடேறும் எல் நினோ ஆண்டுகளில், பருவமழை பொய்க்கும்போது, தேக்கின் வளர்ச்சி தாழ்ந்திருப்பது அதில் தெரிகிறது. அதே ஆண்டில் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் குக்கும் அவருடைய குழுவினரும் ஆசியா முழுவதிலும் 300க்கும் மேற்பட்ட இடங்களின் மரவளையங்களைச் சேர்த்து, எழுநூறு ஆண்டுப் பருவமழை வறட்சி வரைபடத்தை வெளியிட்டார்கள். அதில் தனித்துத் தெரிகிற வறட்சிகளில் ஒன்று 1876 முதல் 1878 வரையிலானது. தமிழ்நாட்டில் தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறோமே, அது. சாவு அத்தனை பெருகியதற்கு அன்றைய ஆட்சியின் கொள்கையும் தானிய ஏற்றுமதியும் காரணம் என்பது வேறு கணக்கு. அதை மரம் சொல்லாது. வானம் பொய்த்தது எவ்வளவு பரந்த நிலப்பரப்பில் என்பதை மரங்கள் சொல்லிவிட்டன.

மரத்தைக் கொண்டு மழையை அறிவது ஒரு வேலை. மழையும் வெப்பமும் காற்றும் காட்டை என்ன செய்தன என்று அறிவது வேறு வேலை. இரண்டுக்கும் ஒரே வளையம்தான், ஆனால் ஒரே மாதிரி உதவாது. முதல் வேலைக்கு வறட்சியை மிகக் கூர்மையாக உணரும் மரம் வேண்டும். ஆகவே ஆய்வாளர்கள் பாறை இடுக்கில், ஒற்றையாக, வறண்ட சரிவில் நிற்கும் கிழட்டு மரத்தைத் தேடிப் போகிறார்கள். அந்த வேலைக்கு அது முற்றிலும் சரி. அரை நூற்றாண்டாக உலகம் முழுவதும் இப்படிச் சேர்ந்த அளவீடுகள் பொதுச் சேமிப்பில் ஆயிரக்கணக்கான இடங்களிலிருந்து கிடக்கின்றன. பிற்பாடு வந்தவர்கள் அதே சேமிப்பைத் திறந்து, வெப்பம் கூடினால் காடு எவ்வளவு குன்றும் என்று கேட்டார்கள். ஓடையோரத்திலும் பள்ளத்தாக்கிலும் அடர்ந்து நிற்கும் சாதாரண மரங்கள் அந்தச் சேமிப்பில் அரிது.

விளைவு எவ்வளவு பிசகும்? 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. இடம் டக்ளஸின் அதே தென்மேற்கு அமெரிக்கா. மூன்று மர இனங்கள். ஒரு பக்கம் பழைய சேமிப்பின் பொறுக்கி எடுத்த மரங்கள். மறு பக்கம் வனத்துறைக் கணக்கெடுப்பில் கட்டம் போட்டு, பொறுக்காமல் எடுத்த மரங்கள். பொறுக்கிய மரங்களை நம்பினால், வெப்பமாகும் காலத்தில் காட்டின் வளர்ச்சிக்கு வரும் பாதிப்பை 41 முதல் 59 விழுக்காடு வரை மிகையாக மதிப்பிட்டுவிடுவோம் என்று தெரிந்தது. பாதிப்பே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. இரு வகை மாதிரியிலும் பாதிப்பு உண்டு, அளவில்தான் மிகை. காலநிலை மாற்றத்தை மறுப்பவர்கள் இந்த எண்ணை எடுத்துக்கொண்டு ஓடுவதும் நேர்மையில்லை, அதை மறைத்துப் பேசுவதும் நேர்மையில்லை.

எதிர்த்திசையிலும் இதே பிசகு உண்டு. கரியமில வாயு விவகாரம் அதுதான். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த அந்த வாயு இன்று 420ஐத் தாண்டிவிட்டது. அதுவே மரத்தின் உணவுக்கு மூலப்பொருள் என்பதால் வளர்ச்சி கூடியிருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. பழைய மரங்களை எடுத்து, அவை இருபது வயதில் எவ்வளவு வளர்ந்தன என்றும், இன்றைய இளமரங்கள் இருபது வயதில் எவ்வளவு வளர்கின்றன என்றும் ஒப்பிட்டால் இன்றையவை வேகமாக வளர்வதாகவே பெரும்பாலும் தெரியும். பார்த்ததும் நம்பத் தோன்றும். ஊரில் நூறு வயது தாண்டியவர்களை மட்டும் கூப்பிட்டு இளவயதில் எப்படி இருந்தீர்கள் என்று கேட்டுவிட்டு, அதை இன்றைய கல்லூரி மாணவர்கள் எல்லோரோடும் ஒப்பிடுவது போன்றது இது. முந்நூறு ஆண்டுக்கு முன் முளைத்தவற்றில் விறுவிறுவென்று வளர்ந்தவை சீக்கிரம் முதிர்ந்து செத்துவிட்டன, அல்லது கோடரிக்கு முதலில் இரையாயின. மிச்சம் நிற்பவை மெதுவாக வளர்ந்தவை. இளமரங்களில் வேகமானவையும் மெதுவானவையும் கலந்தே இருக்கின்றன. ஒப்பிட்டால் காலம் மாறியதுபோல் தெரியும். மாறியது நாம் பார்க்கும் கூட்டம். பெரிய மரங்களை மட்டும் துளையிட்டாலும் இதே கோளாறு வேறு வழியில் வந்து சேரும்: வயது குறைந்தும் பெரிதாக இருக்கிற மரம் வேகமாக வளர்ந்ததாகத்தானே இருக்க முடியும்? ரூல் பிரீனன் முதலானோர் 2012இல் இந்தச் சிக்கல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினார்கள்.

இந்தப் பிசகுகளுக்கு இடம் கொடாமல் திட்டமிட்ட ஆய்வு ஒன்று 2015இல் வந்தது. பொலிவியா, கேமரூன், தாய்லாந்து ஆகிய மூன்று நாடுகளின் காடுகள், 12 இனங்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரங்கள், 150 ஆண்டுக் காலம். கட்டையில் உள்ள கரிமத்தின் இரு வகை அணுக்களின் விகிதத்தைக் கொண்டு, மரம் ஒரு பங்கு உணவுக்கு எவ்வளவு நீர் செலவிட்டது என்பதையும் கணக்கிட்டார்கள். நீரைப் பயன்படுத்தும் திறன் 30 முதல் 35 விழுக்காடு வரை கூடியிருந்தது. அதாவது கூடுதல் வாயு மரத்துக்கு எட்டியிருக்கிறது. ஆனால் தண்டு பருப்பதில் வேகம் கூடவில்லை. நீர் மிச்சமானாலும் வேறு ஏதோ ஒன்று போதவில்லை. சத்தாக இருக்கலாம், வெப்பம் கெடுத்ததாகவும் இருக்கலாம். எல்லாக் காட்டுக்கும் இந்த முடிவைப் பொருத்திவிட முடியாது. கரியமில வாயு கூடினால் காடு செழித்துவிடும் என்று எளிதாகச் சொல்பவர்கள் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

வளர்ச்சி கூடினாலும் முழு லாபமில்லை. இரண்டு லட்சத்துக்கும் மேலான வளைய அளவீடுகளை வைத்து 2020இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இளமையில் வேகமாக வளரும் மரங்கள் சீக்கிரம் சாகின்றன என்பதைப் பல இனங்களிலும் பல தட்பவெப்பங்களிலும் கண்டது. வேகமாகச் சேர்த்த கரிமம் வேகமாகவே காற்றுக்குத் திரும்பிவிடும்.

நல்ல செய்தி ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில் சுண்ணாம்புப் பாறைகள் மேல் நிற்கும் செஞ்சீடர் மரங்கள் நிலக்கரிப் புகையின் கந்தக அமிலத்தால் பல பத்தாண்டுகள் குன்றிக் கிடந்தன. 1970இல் காற்றுத் தூய்மைச் சட்டம் இறுக்கப்பட்டது. 1980ஐ ஒட்டி வளையங்கள் அகலத் தொடங்கின. கட்டையின் வேதியியலும் அதையே உறுதிசெய்தது. ஒரு சட்டம் வேலை செய்ததா என்பதற்கு மரத்திலேயே விடை கிடைத்தது அபூர்வம்.

நம் காடுகளுக்கு என்ன செய்யலாம்? முதுமலையில் இந்திய அறிவியல் கழகத்தின் ஆர். சுகுமாரும் அவருடைய குழுவினரும் 1988இல் 50 ஹெக்டேர் நிலையான ஆய்வுத் திடல் ஒன்றை அமைத்தார்கள். தேக்கு, கருமருது, வெண்தேக்கு போன்றவை நிற்கும் வறண்ட இலையுதிர்காடு. விரல் பருமனான கன்றிலிருந்து ஒவ்வொன்றுக்கும் எண் போட்டு, குறிப்பிட்ட இடைவெளியில் சுற்றளவு அளந்து, எது தீயில் போனது, எதை யானை சாய்த்தது என்று சாவையும் பதிகிறார்கள். வளையத்தில் கிடைக்காத செய்தி இது; செத்து மட்கிய மரம் துளையூசிக்கு அகப்படாது. திடலின் குறை வேறு: நாற்பது ஆண்டுக்குக் குறைவான நினைவுதான் அதற்கு உண்டு. வளையமோ நூற்றாண்டுகள் பின்னே செல்லும். பொறுக்காமல், பெரியதும் சிறியதும் நலிந்ததுமாகத் திடலை ஒட்டிய காட்டிலிருந்து மாதிரி எடுத்து இரண்டையும் பொருத்தினால், மேற்குத் தொடர்ச்சி மலையின் இலையுதிர்காடு ஒவ்வொரு வறட்சியிலும் எவ்வளவு இழந்தது, எத்தனை ஆண்டில் மீண்டது என்பதை ஊகமில்லாமல் சொல்லலாம். அடுத்த முறை காடுகளில் கரிமச் சேமிப்பு பற்றிப் பெரிய எண் ஒன்றை அரசு அறிக்கையில் படிக்கும்போது, அது எந்த மரங்களை அளந்து வந்த எண் என்று கேளுங்கள்.

வனத்துறைக்கு ஒரு வேண்டுகோள். காற்றில் சாய்ந்த முதுமரத்தை ஏலத்துக்கு அனுப்பும்முன் அடியிலிருந்து ஒரு வட்டத்துண்டை அறுத்து, இடமும் தேதியும் எழுதி வையுங்கள். செலவு ஒரு ரம்ப வெட்டு. பழைய வீட்டைப் பிரிக்கிறவர்களுக்கும் அதேதான். செட்டிநாட்டு வீடுகளின் தூணும் உத்தரமும் பெரும்பாலும் பர்மாத் தேக்கு. பர்மாவின் தேக்குக்கு முந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட வளைய வரிசை ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கிறது, பொருத்திப் பார்க்கலாம். தூணை விற்பது உங்கள் விருப்பம். ஒரு முனையில் நாலு விரல் அகலத் துண்டை, பட்டை ஓரம் இருந்தால் அதையும் சேர்த்து, வெட்டி எடுத்து, வீடு கட்டிய ஆண்டையும் ஊரையும் குறித்து, மேட்டுப்பாளையம் வனக் கல்லூரியிலோ அருகிலுள்ள பல்கலைக்கழகத்தின் தாவரவியல் துறையிலோ கொண்டுபோய்க் கேட்டுப் பாருங்கள். இழைத்துவிட்டால் பட்டை ஓரத்து வளையங்கள் மிஞ்சாது.